வேலிப் பொட்டுக்குள்ளால வந்த காத்து

மருமோன், காரில மஞ்சள் லைற் எரிஞ்ச உடன நீர் செய்த முதல் வேலை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சதாம். பிழை சொல்லமாட்டன். ஏ9 றோட்டால போறவையும் வாறவையும் அதில நிப்பாட்டி, கற்பூரம் கொளுத்தி, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு போறதுதான் வழக்கம். வழித்துணைக்குப் பிள்ளையார் நல்லவர். ஆனா அவர் இறங்கி வந்து ரப்பர் குழாய் மாத்தினதா நான் இன்னும் கேள்விப்படேல்லை.

ரண்டாவது வேலை, ஒரு கராச்சில விட்டு மெசின் குத்தி நம்பர் பாத்தது. பி0171 எண்டு வந்ததாம். அதில நிண்ட பெடியன் "ஒட்சிசன் சென்சர் போட்டுது அண்ணை" எண்டு சொல்ல, நீரும் எல்லாம் விளங்கின ஆள் போலத் தலையாட்டிப்போட்டு வந்து, இப்ப கொழும்பில இருந்து சென்சர் எடுப்பிக்கக் காசு தேடித் திரியிறீர். மாமியிட்டயும் கேட்டிருக்கிறீர். மாமியிட்டக் கேட்டபடியாத்தான் கதை என்ர காதுக்கு வந்தது. இரும், உதில வாங்கில இரும். தேத்தண்ணி வரும்.

முதல்ல ஒண்டு. எரியிற லைற் எல்லாம் ஒரு சாதி இல்லை. எண்ணெய்ச் சொட்டு விழுற மாதிரிச் சிவப்புப் படம் எரிஞ்சா தேங்காயும் வேண்டாம், மெசினும் வேண்டாம், நிண்ட இடத்திலயே இஞ்சினை நிப்பாட்டும். "மாங்குளம் மட்டும் மெதுவாப் போய்ப் பாப்பம்" எண்டு போனவையின்ர இஞ்சினுக்கு மாங்குளத்தில காரியந்தான் செய்யவேணும். வெப்ப முள்ளு சிவப்புக்கு ஏறினாலும் அதே சட்டம். பற்றறிப் படம் எரிஞ்சா சார்ஜ் ஏறேல்லை எண்டு அர்த்தம், வீடு வந்து சேரலாம், லைற்றும் பாட்டும் போடாட்டி. மஞ்சள் இஞ்சின் படம் அசையாமல் எரிஞ்சா பதறத் தேவையில்லை; நிதானமா ஓடிக்கொண்டு வந்து காரணம் தேடலாம். அதுவே விட்டுவிட்டு மின்னினா, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எரியாத பெற்றோலைப் புகைக்குழாய்க்குள்ள தள்ளுது எண்டு கணக்கு. அந்தப் பெற்றோல் புகையைச் சுத்தம் பண்ணுற கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள்ள போய் எரிஞ்சு, அதை உருக்கிப்போடும். ஓடாமல் ஓரங்கட்டவேணும். உம்மட காரில அந்தச் சாமான் இன்னும் இருக்கோ, முந்தி வைச்சிருந்தவன் வெட்டி வித்துப்போட்டானோ, அது அவனுக்கும் பழைய இரும்புக் கடைக்காரனுக்கும் வெளிச்சம்.

அதைவிட எனக்குப் பயம் லைற்றே எரியாத கார். திறப்பைப் போட்டு ஓன் கட்டம் மட்டும் திருப்பினா, இஞ்சின் ஓட முந்தி, டாஸ்போட்டில எல்லாப் படமும் ஒருக்கா எரிஞ்சு காட்டவேணும். ஸ்ராட் பண்ணினாப் பிறகு அணையவேணும். நீர் கார் வாங்கப் போகேக்க அதைப் பாத்தனீரோ? சீற் உறையையும் பாட்டுப்பெட்டியையும் பாத்தனீர், எனக்குத் தெரியும். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டின அரசாங்கம் 2025 மாசியிலதான் காருக்குத் திரும்பவும் கதவைத் திறந்தது. திறந்தாப் பிறகும் வரியைக் கேட்டவன் திரும்பிப் பாக்காமல் வந்தான். அந்த இடைவெளியில இருபது, இருபத்தஞ்சு வயசுக் கார் எல்லாம் மாப்பிளையளின்ர விலைக்குப் போச்சுது. விக்கிறவன் பல்பைக் கழட்டிப்போட்டு விக்கிறான். கொஞ்சம் கெட்டிக்காரன் எண்டா, இஞ்சின் லைற்றின்ர வயரை ஒயில் லைற்றோட சேத்து முடிஞ்சு விடுறான். ஒயில் லைற் அணையேக்க அதுவும் சேந்து அணையும், வாங்கிறவனுக்குச் சந்தேகமே வராது. அந்த மூளையில கால்வாசியைச் செலவழிச்சிருந்தா உண்மையான பிழையையே திருத்தியிருக்கலாம். உமக்கு வித்தவன் அந்தளவுக்கு மோசமில்லை. லைற் எரியுதே, அதுக்காக அவனுக்கு ஒரு கும்பிடு போடும்.

இனி உந்த நம்பருக்கு வருவம். பி0171 எண்டா சென்சர் செத்தது எண்டில்லை. இஞ்சினுக்குள்ள காத்துக் கூடிப்போச்சு, பெற்றோல் காணாது எண்டுதான் அதின்ர அர்த்தம். ஒரு கிராம் பெற்றோல் ஒழுங்கா எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காத்து வேணும். கணக்குப் பிசகினா லைற்.

கலியாண வீட்டை நினைச்சுப் பாரும். வாசலில சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறவன் வாற சனத்தை எண்ணி, குசினிக்குச் சொல்லி அனுப்புறான். அந்தக் கணக்குக்குத்தான் சோறு வேகுது. அந்த நேரம் பின்பக்கத்து வேலிப் பொட்டுக்குள்ளால ஒரு கூட்டம் பூந்து நேர பந்தியில குந்துது. எண்ணினவன்ர கணக்கு நூறு, இலையில இருக்கிறது நூற்றி இருபத்தஞ்சு. சோறு காணாது. பரிமாறுறவன் வந்து "இலைக்குச் சோறு காணாது" எண்டு கத்துறான். உம்மட கராச்சுப் பெடியன் என்ன சொல்லுறான்? கத்தினவனை மாத்தச் சொல்லுறான். ஒட்சிசன் சென்சர் அந்தப் பரிமாறுறவன்தான். புகைக்குழாயில நிண்டு மிச்சமா ஒட்சிசன் வருது எண்டு உள்ளதைச் சொல்லுது. புதுச் சென்சர் வந்து பூட்டினாலும் அதுவும் வந்த உடன அதே கத்துதான் கத்தும். சென்சரே பழுது எண்டா அதுக்குத் தனி நம்பர் கிடக்கு, பி0130 தொடக்கம்.

வேலிப் பொட்டு எது எண்டு கேக்கிறீரோ? காத்து அளக்கிற சென்சருக்குப் பின்னால, இஞ்சின் வரைக்கும் உள்ள எந்த வெடிப்பும் பொட்டுத்தான். இஞ்சின் சும்மா ஓடேக்க அதின்ர உள்வாசல் பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும். பிஸ்ரன் இறங்கி இறங்கி உள்ளுக்க இழுக்கும். அந்த இழுவையைத்தான் கராச்சுக்காரர் வக்கியூம் எண்டினம். சுகமான இஞ்சின்ர வக்கியூம் மீற்றர் முள்ளு 17 தொடக்கம் 21 அங்குலத்துக்குள்ள ஆடாமல் நிக்கும். அந்த இழுவைக்கு முன்னால ஒரு ஊசித் துவாரம் இருந்தாலும் வெளிக்காத்து உள்ள பாயும். ரப்பர் குழாய், மனிபோல்ட் கஸ்கட், இஞ்செக்ரர் அடியில உள்ள ரப்பர் வளையம், ஒயில் ஆவியை உள்ளுக்கு எடுக்கிற பிசிவி குழாய் எண்டு பொட்டு விழ இடத்துக்குப் பஞ்சமில்லை. அதுவும் எங்கட வன்னி வெயிலில, செம்பாட்டுத் தூசிக்குள்ள, இருபது வருசம் வெந்த ரப்பர். வளைச்சுப் பாத்தா அப்பளம் உடையிற சத்தம் கேக்கும்.

ஆனா எல்லாக் காரும் வாசலில எண்ணுறேல்லை. உங்கட பக்கத்து வளவுக்காரன்ர 110 கொரோல்லா வேற சாதி. அதுக்கு வாசலில ஆள் இல்லை; பந்தியில எவ்வளவு நெருக்கம் எண்டு அமுக்கத்தைப் பாத்துத்தான் சோறு போடுறது. அதில பொட்டால பூந்தவைக்கும் சாப்பாடு கிடைக்கும். அதால பெற்றோல் குறையாது, இஞ்சின் சும்மா நிக்கேக்கயே உறுமும், இல்லாட்டி ஏறி இறங்கி மூச்சு வாங்கும். லைற்றும் எரியாமல் இருக்கலாம். அவன் வந்து "மாமா, என்ர காருக்கு ஒரு பிழையும் இல்லை, லைற்றே எரியேல்லை, சும்மா கொஞ்சம் வேகமா ஓடுது" எண்டவன். சந்தோசமா அனுப்பினன், அவன் ஆலோசனை கேட்டு வரேல்லை, பெருமை பேச வந்தவன்.

அந்த 110 இன்ர முந்தின மொடலுக்கு மெசினும் தேவையில்லை. பொனற்றுக்குள்ள சின்னக் கறுப்புப் பெட்டி ஒண்டு மூடியோட இருக்கும். மூடிக்கு உள்பக்கம் எழுத்துப் போட்டிருக்கும். ரீஇ1 (TE1), இ1 (E1) ரண்டையும் ஒரு துண்டு வயரால இணைச்சு, திறப்பை ஓன் கட்டம் மட்டும் திருப்பினா மஞ்சள் லைற் மின்னிக் கதை சொல்லும். மூண்டு தரம் மின்னி, கொஞ்சம் நிண்டு, ஒருதரம் மின்னினா 31: அமுக்கச் சென்சர் பக்கம் பாக்கச் சொல்லுது. சென்சரை மாத்த முந்தி அதின்ர வயரையும், அதுக்குப் போற பென்சில் மொத்தக் குழாயையும் பாரும். ரண்டும் அஞ்சும் எண்டா 25: காத்துக் கூட. நிக்காமல் ஒரே சீராக மின்னினா பிழை ஒண்டும் பதியேல்லை. பெட்டியில வேற ஓட்டையளுக்க வயரை விட்டு விளையாடினா கொம்பியூட்டர் கருகும், அதுக்கு என்னட்ட வராதையும். அமெரிக்காவில 1996 ஆம் ஆண்டுக் கார் தொடக்கம் எல்லாருக்கும் ஒரே சொக்கற், ஒரே நம்பர் எண்டு சட்டம் வந்தது. ஐரோப்பாவில பெற்றோல் காருக்கு 2001. யப்பான்காரன் தன்ர நாட்டுக்குள்ள ஓடச் செய்த கார்தான் எங்களுக்குக் கப்பலில வாறது, அவனுக்கு அந்த அவசரம் இருக்கேல்லை. அதால சில கார் உம்மட மெசினோட கதைக்காது. மெசின் பிழையில்லை, பாசை வேற.

நீர் சிரிக்கிறீர், "உந்த மனிசன் மாட்டுவண்டிக் காலத்து ஆள், உதெல்லாம் எங்க படிச்சது" எண்டு. கேளும். 1990 ஆனியில திரும்பச் சண்டை தொடங்க, பெற்றோல் இந்தப் பக்கம் வாறது நிண்டுபோச்சு. 2002 சித்திரையில ஏ9 திறக்கும் மட்டும், ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்தினதும் கலியாணத்துக்கு மாப்பிளை ஏத்தினதும் மண்ணெண்ணெயில ஓடின மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ போட்டியும்தான். மண்ணெண்ணெய் குளிர் இஞ்சினில ஆவியாகாது. அதால காபுரேற்றர் வாயில ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தப் பெற்றோல் மருந்துப் போத்தலுக்க இருக்கும்; பவுண் வைக்கிற அலுமாரியிலதான் அதையும் வைச்சுப் பூட்டினது. அமுக்கம் குறைஞ்ச பழைய இஞ்சின்கள் எண்டபடியால் மண்ணெண்ணெயைத் தாங்கிச்சுது. இப்பத்தைய காருக்கு ஊத்திப் பாக்காதையும், தட்டித் தட்டியே செத்துப்போம்.

அந்தக் காலத்தில காத்துப் பொட்டு எண்டா அது பகிடி இல்லை. மனிபோல்ட் கஸ்கட்டால குளிர்காத்து உள்ள வந்தா மண்ணெண்ணெய் ஆவி கலைஞ்சு, சந்தியில நிக்கேக்க இஞ்சின் நிண்டுபோம். திரும்ப ஸ்ராட் பண்ண இன்னொரு சொட்டுப் பெற்றோல். ரண்டு தரம் நிண்டா, காரில இருக்கிற பிள்ளைத்தாச்சிக்குப் பதில் சொல்லேலாது. அதால காதுதான் மெசின். கஸ்கட் எண்டு கேட்டா கடைக்காரன் சிரிப்பான். கொப்பி மட்டையை வெட்டிப் போட்டம். குழாய் வெடிச்சா சைக்கிள் ரியூப்பை நாடாவா வெட்டி இறுக்கிச் சுத்தினம். பெற்றோல் தாங்கி கசிஞ்சா பார் சவர்க்காரம். டிஸ்ரிபியூட்டரில ஒரு சின்னக் குழாய் வரும், இஞ்சின்ர இழுவைக்கு ஏத்த மாதிரி நெருப்பை முந்த வைக்கிறது. அதைக் கழட்டி வாயில வைச்சு இழுத்து, நுனியை நாக்கால அடைச்சுப் பாக்கிறது. நாக்கு ஒட்டிக்கொண்டு நிண்டா உள்ளுக்க உள்ள தோல் சுகம், விழுந்தா கிழிஞ்சுபோச்சு. நீர் முகத்தைச் சுளிக்கிறீர். சோதினைக்குக் காசு இல்லை, கரன்ட் இல்லை, மவுத்வொஷும் இருக்கேல்லை.

ஃபோர்ட் பிரிஃபெக்ட் எண்டொரு கார் இருந்தது. அதுக்கு மழை துடைக்கிற வைப்பரே இஞ்சின்ர இழுவையிலதான் ஓடினது. கொட்டுற மழைக்குள்ள முந்திப் போவம் எண்டு அக்சிலேற்றரை அமத்தினா வக்கியூம் விழுந்து வைப்பர் நடுக்கண்ணாடியில நிண்டிடும். கால் எடுத்தா விசிறி அடிக்கும். வேகமா ஓடாதை எண்டு சொல்ல அந்தக் காலத்தில பொலிஸ் தேவைப்படேல்லை.  

சரி, உம்மட காருக்கு வருவம். அந்தக் கராச்சுக்குத் திரும்பிப் போய், மெசினைக் குத்தச் சொல்லும், ஆனா நம்பர் பாக்க இல்லை. பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குடுக்குது எண்டு அதுக்குள்ள நூற்றுவீதக் கணக்கு ஓடும், பியூவல் ட்ரிம் எண்டு சொல்லுறவை. இஞ்சின் சும்மா நிக்கேக்க அது 20, 25 எண்டு நிண்டு, 2500 சுத்துக்கு ஏத்தினாப் பிறகு பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கினா, வேலிப் பொட்டு நிச்சயம். ஏனெண்டால் சின்னக் கலியாணத்தில இருபத்தஞ்சு பேர் களவாப் பூந்தா குசினி கலங்கும். ஆயிரம் பேர் வந்த கலியாணத்தில அவை யாருக்கும் தெரியாது. மறுவளமா, ஓட்டம் கூடக் கூடக் கணக்கும் கூடினா பெற்றோல் பில்ரரையும் பம்பையும் பாரும். ரண்டிலயும் ஒரே அளவா நிண்டா, வாசலில எண்ணுறவன்ர கண்ணில தூசியா இருக்கலாம். காத்துச் சென்சரை அதுக்கெண்டு உள்ள தெளிப்பால கழுவவேணும். பஞ்சால துடைச்சா அந்த மயிர்க் கம்பி அறும். கராச்சுப் பெடியனுக்கு இதைச் சொல்லேக்க மரியாதையாச் சொல்லும். அவன்ர மெசினை விட உமக்குக் கூடத் தெரியும் எண்டு காட்டினா பில்லில அதுவும் சேரும்.

பொட்டுத் தேடுறது வீட்டிலயே ஏலும். முதல்ல கண். பொனற்றைத் திறந்தாத்தான் கண் வேலை செய்யும், அதைத் திறக்கிற பிடி எங்க எண்டு தெரியுமோ? டாஸ்போட்டுக்குக் கீழ, வலக்கால் பக்கம் தேடும். திறந்தா அணில் கட்டின தும்புக் கூடு கிடக்கும், எலி கடிச்ச குழாய் கிடக்கும். வயல்வெளிக்குப் பக்கத்தில கார் நிப்பாட்டுறனீர், அறுவடை முடிஞ்சாப் பிறகு எலி எங்க போறது? உம்மட இஞ்சின்தான் சூடான இடம்.

அடுத்தது காது. ஒரு முழம் தண்ணிக் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதில வைச்சு, மற்ற நுனியைக் குழாய் குழாயாக் கொண்டுபோம். பொட்டு உள்ள இடத்தில "ஸ்ஸ்" எண்டு பாம்புச் சத்தம் வரும். விசிறிக்கும் பெல்ற்றுக்கும் கிட்டப் போகாதையும். சாரத்தோட நிண்டு செய்யாதையும், பிறகு ஊர் சிரிக்கும். பிறகு குறட்டுக்குத் துணி சுத்தி, ஒவ்வொரு குழாயா மெல்ல நெருக்கும். எந்தக் குழாயை நெருக்க இஞ்சின் சத்தம் மாறுதோ அந்தப் பக்கம் கள்ளன். கஸ்கட் பக்கம் சந்தேகம் எண்டா, மாமி உடுப்பு அயர்ன் பண்ணத் தண்ணி தெளிக்கிற போத்தல் இருக்கு, அதால விசிறிப் பாரும். தண்ணி ஒரு நொடி வெடிப்பை மூடும், இஞ்சின் உடன சத்தம் மாத்தும். சில பேர் இதுக்குக் காபுரேற்றர் கழுவுற தெளிப்பை அடிப்பினம், சூட்டு இஞ்சினில. அவையின்ர இமை மயிர் இருக்கோ எண்டு பாத்துப்போட்டுப் பேந்து அவையின்ர ஆலோசனையைக் கேளும்.

எல்லாம் செய்தும் பிடிபடாட்டி, என்னைக் கூப்பிடும். இஞ்சின் நிப்பாட்டிக் குளிர்ந்திருக்கவேணும், பெற்றோல் மணம் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. காத்து உறிஞ்சிற வாயைப் பொலித்தீன் பையால கட்டி, பிறேக் பூஸ்ரர் குழாயைக் கழட்டி, அதில ஒரு நீட்டு ரியூப்பைச் செருகித் தள்ளி நிண்டு நான் சுருட்டுப் புகையை ஊதுவன். பொட்டு எங்கயோ அங்கயிருந்து புகை எழும்பும். பட்டணத்தில இதுக்கு மெசின் வைச்சுக் காசு வாங்கினம். நான் சுருட்டுத்தான் வாங்குவன். யாழ்ப்பாணத்துச் சுருட்டு, கட்டோட. டொக்டர் விடச் சொல்லி மாமியும் ஒளிச்சு வைச்சிருக்கிறபடியால், உம்மட காரின்ர நன்மைக்காக எண்டு நீரே அவவிட்டச் சொல்லவேணும்.

ஒண்டை மட்டும் பகிடி விடாமல் சொல்லுறன். பிறேக்கை அமத்தேக்க காலடியில "ஸ்ஸ்" கேட்டாலோ, பிறேக் கல்லு மாதிரி இறுகினாலோ, பொட்டு பிறேக் பூஸ்ரரில. அதோட றோட்டில ஏறப்படாது. இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பிறேக்கை இறுகிற மட்டும் கனதரம் அமத்தும். அமத்தினபடியே வைச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணும். கால் கொஞ்சம் கீழ இறங்கவேணும். இறங்காட்டி இழுவை வரேல்லை. டீசல் காருக்கு இந்தக் கதை வேற. அதுக்கு உள்வாசல் மூடுறேல்லை, அதால பிறேக்குக்கு இழுவை தர ஒரு தனிப் பம்ப் பூட்டியிருப்பாங்கள்.

பொட்டு ஆப்பிட்டா, பழைய குழாய்த் துண்டை வெட்டிக்கொண்டு கடைக்குப் போம். வக்கியூமுக்கெண்டு உள்ள தடிச்ச குழாய் கேளும். மீன்தொட்டிக் குழாயைத் தந்து "இதுவும் அதுதான்" எண்டு சொல்லுவாங்கள். இஞ்சின் இழுக்க அது சப்பளிஞ்சு ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் ரியூப் சுத்திறது சண்டைக் காலத்து வைத்தியம், வீடு வந்து சேர மட்டும். பூட்டினாப் பிறகு நம்பரை மெசினால அழிப்பியும். பற்றறி வயரைக் கழட்டியும் அழிக்கலாம், ஆனா பொட்டை அடைக்காமல் அழிச்சா கொஞ்சம் ஓட லைற் திரும்ப வந்து குந்தும். புகைச் சோதினைக்குப் போற நாள் காலமை அப்பிடிச் செய்யிறவை இருக்கினம். புகை அளக்கிற மெசின் லைற்றைப் பாக்கிறேல்லை, புகையைத்தான் பாக்கிறது எண்டதை அவைக்கு ஆரும் சொல்லேல்லைப் போல.

என்ன, எழும்புறீர்? சென்சருக்கு அட்வான்ஸ் குடுத்திட்டீரோ? எனக்குத் தெரியும், முகத்தில எழுதிக் கிடக்கு. நாளைக்குக் காலமை முதல் வேலையாப் போய் ஓடரை நிப்பாட்டும். காரில போகாதையும், என்ர சைக்கிளை எடும். அதில ஒரு லைற்றும் எரியாது; டைனமோ 2009 க்கு முந்தியே துலைஞ்சு போச்சு.